பெண் பிள்ளைக்கு என்ன விளையாட்டு வாங்குவது?

பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் பெரியவர்கள் கையில் வைக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு விளையாட்டுச் சாமான் வாங்கப் போகும் தோழியரே, கடையில் நாம் கேட்பது என்ன, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது என்ன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அறுவர் இவ்வாண்டு எண்ணிப் பார்த்தோம். எண்ணியதோடு நில்லாமல் கடை கடையாக ஏறி இறங்கியும் பார்த்தோம். அதனால் எங்களுக்குத் தோன்றிய கருத்தை இங்கே எழுதுகிறோம். பெற்றோரில் சிலருக்கு இது உடன்பாடாக இராமற்போகலாம். படித்துவிட்டுக் கோபிக்கட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

மயிலத்தில் விளையாட்டுச் சாமான் வாங்கச் சிறந்த காலம் பங்குனி உத்திரத் திருவிழாதான். மலையடிவாரத்துக் கடைகளில் பலூனும் ஊதலும் பிளாஸ்டிக் வாளும் சாவி கொடுத்தால் ஓடும் காரும் குவிந்து கிடக்கும். மற்ற நாட்களில் பேருந்து ஏறித் திண்டிவனத்துக்குப் போகவேண்டும். மனமும் காசும் இருந்தால் விழுப்புரம், அல்லது புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட். எங்கு போனாலும் ஒரு வேடிக்கை. ஸ்போர்ட்ஸ் கடைக்குள் நுழைந்தால், "தம்பிக்கா பாப்பா? எத்தனாம் நம்பர் பேட்டு?" என்கிறார்கள். ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்தால், "தங்கச்சிக்கா? இந்தா, கிச்சன் செட் வந்திருக்கு" என்று இளஞ்சிவப்புப் பெட்டி ஒன்றை இறக்குகிறார்கள். சின்ன வயதில் மண்ணிலும் மரத்திலும் இருந்த சொப்புச் சாமான் இப்போது பிளாஸ்டிக்கில் கேஸ் அடுப்போடு வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாறுதல். "எங்களுக்குத்தான் அண்ணே, நாங்களே விளையாட" என்று சொன்னால் அவர் முகத்தில் தோன்றும் குழப்பத்தைக் காண வேண்டுமே! பதினாறு வயதுப் பெண் தனக்கென்று விளையாட்டுச் சாமான் வாங்குவாள் என்பது கடைக்காரர் கணக்கில் இல்லை. வீட்டார் கணக்கிலும் இல்லை என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. பெரியவளான அன்றோடு பாண்டியும் போயிற்று, கல்லாங்காயும் போயிற்று. தம்பி மட்டும் முப்பது வயது வரை ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடுவான். அதை ஒருவரும் வீண்பொழுது என்பதில்லை.

பலகையில் ஆடும் ஆட்டமாக ஏதாவது கொடுங்கள் என்று வற்புறுத்தினால் வருவன நான்கைந்து: லூடோ, பாம்புக் கட்டம், கேரம், சதுரங்கம், ஊர்களை வாங்கி விற்கும் டிரேட். இவற்றின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் சினமும் ஒருங்கே வந்தன. நம் நாட்டுப் பச்சீசியைச் சுருக்கி இங்கிலாந்தில் 1896இல் லூடோ என்று காப்புரிமை பெற்றார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் பாட்டிமார் விழித்திருக்க உதவிய பரமபதத்தைப் போன்ற ஆட்டங்கள் கப்பல் ஏறிப்போய், புண்ணிய பாவங்களைக் கழித்துவிட்டுப் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தன. டிரேட் ஆட்டத்திற்கு மூலமான மோனபலியின் கதை இன்னும் கேட்கத்தக்கது. எலிசபெத் மாகி என்னும் அமெரிக்கப் பெண்மணி, நிலம் முழுவதும் ஒருசிலர் கையில் சேர்ந்தால் மற்றவர் எப்படி நொடிந்துபோவர் என்று காட்டுவதற்காகவே ஓர் ஆட்டம் செய்து 1904இல் காப்புரிமை பெற்றார். 1935இல் பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் அவருடைய உரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டு, அந்த ஆட்டத்தின் வழியே வந்த மோனபலியைக் கொண்டு பெருஞ்செல்வம் சேர்த்தது. அடுத்தவரை நொடிக்கச் செய்பவரே வென்றவர் என்பதுதான் இன்று பெட்டிக்குள் எஞ்சியிருக்கும் பாடம். இதை ஒரு பெண்தான் தொடங்கினாள் என்பதாவது நம் பள்ளியில் தெரிந்திருக்கட்டும்.

கேரமையும் சதுரங்கத்தையும் நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆனால் லூடோவையும் பாம்புக் கட்டத்தையும் பத்து முறை ஆடியவளுக்குப் பதினோராம் முறை கொட்டாவி வருகிறது. ஏன்? அவற்றில் நாம் முடிவு செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பகடை சொல்கிறது, காய் நகர்கிறது, நாம் வெறும் கை. கல்லூரியா கல்யாணமா, எந்தப் பாடப்பிரிவு, எந்த ஊர் என்றெல்லாம் பிறர் உருட்டிய பகடைக்கு நகரும் காய்களாக இருக்கிறோமே, விளையாட்டிலுமா?

இந்நிலையில்தான் கதையாட்டம் என்று நாங்கள் பெயரிட்டுக்கொண்ட ஒன்றைப் பற்றி அறிந்தோம். ஆங்கிலத்தில் ரோல் பிளேயிங் கேம் என்பர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில், 1974இல், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் எழுதிய டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பதே இவ்வகையில் முதலில் அச்சேறிய ஆட்டம். ஒரு சிறு பெட்டி, அதற்குள் மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர். முதலில் ஆயிரம் படிகளே அச்சிட்டு, வீட்டில் உட்கார்ந்து கையாலேயே பெட்டிகளில் அடுக்கி விற்றார்கள். அந்தப் பெட்டியிலிருந்து கிளைத்த ஆட்டங்கள் இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றன. அதில் பலகை கட்டாயமில்லை. வெல்பவர் தோற்பவர் என்றும் கிடையாது.

பிறகு என்னதான் ஆடுவது என்று கேட்பீர்கள். நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து நின்று, திரைக்குப் பின்னால் இருப்பவர் யார், எந்த நாட்டவர், என்ன காரியமாக வந்தார் என்று கேட்கிறான் அல்லவா? வேடம் கட்டியவர் தம் வரலாற்றைத் தாமே சொல்லிக்கொண்டு வெளிப்படுகிறார். கதையாட்டத்திலும் அப்படியே. ஒருத்தி கட்டியங்காரி, மற்ற நால்வரோ ஐவரோ வேடம் ஏற்றவர்கள். முகத்தில் அரிதாரம் மட்டும் இல்லை. "இருட்டிவிட்டது. கோட்டை வாசலில் காவலன் பந்தத்தோடு வருகிறான். என்ன செய்கிறாய்?" என்று கட்டியங்காரி கேட்கிறாள். ஒருத்தி வைக்கோற் போருக்குப் பின் ஒளிகிறேன் என்கிறாள். இன்னொருத்தி, நான் மோர் விற்பவளாகப் போய் அவனிடம் பேச்சுக் கொடுக்கிறேன் என்கிறாள். அவள் பேச்சு பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை மீண்டும் அவளே சொல்லவேண்டும். கூத்தில் கதை முன்பே முடிந்தது. பகடை துகில் கூத்தில் தருமர் எத்தனை ஆண்டு ஆடினாலும் தோற்றே தீரவேண்டும். இங்கேயோ விடிந்தால் என்ன ஆகும் என்பது கட்டியங்காரிக்கும் தெரியாது.

வகுப்பில் எழுந்து நின்றால் நா ஒட்டிக்கொள்ளும் பெண்கள் நம்மில் எத்தனை பேர்! பேச்சுப் போட்டி என்றால் ஒருவர் எழுதிக் கொடுக்க, ஒருவர் திருத்த, மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறோம். எழுதித் தராத பேச்சைப் பேசிப் பழக நமக்கு எங்கே இடம்? காவலனை ஏய்க்கவும், சண்டையை விலக்கவும், தோழிக்காகப் பரிந்து பேசவும் இந்த ஆட்டத்தில் ஒருத்தி அந்த நிமிடமே சொல்லைத் தேடியாக வேண்டும். நாங்கள் இதனை விரும்புவதற்கு முதற்காரணம் இதுவே. மற்றவை எல்லாம் பிறகு.

சரி, இதை எங்கே வாங்குவது? நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் இந்தப் பெயரைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. ஒருவர், "டிராகனா? பொம்மை இருக்கு" என்று ரப்பர் பல்லி ஒன்றை எடுத்துக் காட்டினார். மேல்நாடுகளில் இதற்கென்று ஹாபி ஸ்டோர் எனப்படும் கடைகள் உண்டு. அங்கே பெட்டிகளும் நூல்களும் மட்டுமல்ல, நான்கு முகம் முதல் இருபது முகம் வரையுள்ள பகடைகளும் உதிரியாகக் கிடைக்கும். ஆனால் அக்கடைகளைப் பற்றிப் படித்தபோது எங்கள் மனத்தைக் கவர்ந்தது சரக்கு அன்று. கடைக்குள்ளேயே போட்டிருக்கும் மேசை நாற்காலிகள்தாம். வாங்க வந்தவர் உட்கார்ந்து ஆடலாம். தெரியாதவருக்குக் கடைக்காரரோ பழைய வாடிக்கையாளரோ சொல்லித் தருவார். நம் ஊரிலோ பெட்டியின் செலோபன் தாளைப் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. அட்டையில் உள்ள படத்தை நம்பி வாங்கவேண்டும். உட்காருவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது, கோவில் மண்டபம் இருக்கிறது. பள்ளிவிட்டதும் பெண்கள் ஐவர் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார ஊரில் ஓர் இடம் காட்டுங்கள் பார்ப்போம்.

கைப்பேசியில் தட்டினால் வீட்டு வாசலுக்கே வருமே என்று அண்ணன்மார் சொல்கிறார்கள். வரும். ஆயிரக்கணக்கில் விலையும் வரும். அதற்குச் சொந்தக் கைப்பேசியும் அப்பாவின் அனுமதியும் முதலில் வரவேண்டும். உள்ளூர்க் கடையையே நாங்கள் பரிந்துரைப்பதற்கு வேறு காரணமும் உண்டு. கேட்கும் பொருளைத்தான் கடைக்காரர் வரவழைப்பார். பாரிமுனை மொத்தக் கடையிலிருந்து சரக்கு எடுப்பவரிடம் ஒருத்தி கேட்டால் மறந்துபோவார். ஒரே மாதத்தில் பத்துப் பேர் கேட்டால் சீட்டில் எழுதிக்கொள்வார். பெண்கள் கேட்பதில்லை என்பதால்தானே கிச்சன் செட் குவிந்திருக்கிறது? ஆகவே, கடைக்குப் போகும் தோழியர், "புதுசா என்ன இருக்கு?" என்று கேட்பதை விட்டு, "பேசி ஆடுகிற ஆட்டம் இருக்கா? நாலு பேர் சேர்ந்து ஒரே கட்சியாக ஆடுகிற ஆட்டம் இருக்கா?" என்று கேளுங்கள். சென்னையில் 2002 முதல் கிரீடா என்ற நிறுவனம் நம் பழைய ஆட்டங்களை நல்ல முறையில் செய்து விற்று வருகிறது, அதையும் கேளுங்கள். ஃபன்ஸ்கூல் நிறுவனத்தின் பெட்டிகள் நம் ராணிப்பேட்டையிலேயே செய்யப்படுகின்றன. பலகை ஆட்டங்களுக்குச் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அச்சிட்ட நூல்களுக்கோ அந்த வரியே இல்லை. விலை கேட்கும்போது இது நினைவிருக்கட்டும். கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இன்னொன்று. கதையாட்டத்திற்குப் பெட்டி வாங்கியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் அடிப்படை விதிகள் அடங்கிய நானூறு பக்கத் தொகுப்பை, அதன் உரிமையாளர்கள் 2023 ஜனவரியில் யாரும் எடுத்து ஆளலாம் என்று பொதுவில் விட்டுவிட்டார்கள். அதில் பத்துப் பக்கம் படித்தாலே அடிப்படை விளங்கும். இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? போகவேண்டாம். பாத்திரக் கடையில் ஒரு ஜோடிப் பித்தளைத் தாயக்கட்டை வாங்குங்கள். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள். இரண்டையும் உருட்டினால் நேரக்கூடிய வகைகள் 16. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. அது பதினாறில் ஒன்று. ஆறும் அப்படியே. தாயம் விழுவது பதினாறில் இரண்டு, ஐந்து விழுவதும் இரண்டு. ஆக, மறு உருட்டல் தரும் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்கும் சேர்ந்து 16இல் 6. சாதாரணக் காரியத்திற்கு இந்த நான்கில் எது விழுந்தாலும் பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம். அரிய காரியத்திற்கு ஆறோ பன்னிரண்டோ விழவேண்டும், அதாவது எட்டில் ஒன்று. நிகழ்தகவுப் பாடம் எங்களுக்கு இவ்வளவு நன்றாக வேறெப்போதும் விளங்கியதில்லை. கட்டைக்குப் பதில் சோழியும் ஆகும். கீழடியில் மண்ணுக்குள்ளிருந்து ஆட்டக்காய்களும் வட்டுச் சில்லுகளும் பகடையும் வந்திருக்கின்றனவே, இவை ஒன்றும் நமக்கு அந்நியமல்ல.

இனி, மறுப்புகள். பகடை என்றதும் பாட்டிக்கு முகம் சுளிக்கிறது. தாயம் ஆடினால் குடும்பம் விளங்காது என்பார். பாண்டவர் கதையும் அவருக்குத் துணை. சிலுவையடியில் ஆண்டவரின் அங்கிக்காகப் போர்வீரர் சீட்டுப் போட்டதை நம் அருட்சகோதரியரும் நினைவூட்டக்கூடும். பணம் வைத்து ஆடுவது கேடு என்பதில் எங்களுக்கும் இரண்டு கருத்தில்லை. ஆனால் அதே வேதாகமத்தில் யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டுத்தானே தேர்ந்துகொண்டார்கள்? சீட்டும் பகடையும் கருவிகள். எதற்காக உருட்டுகிறோம் என்பதே கேள்வி.

இரண்டாம் மறுப்பு இன்னும் கடுமையானது. 1980களில் அமெரிக்காவில் சில கிறிஸ்தவக் குழுவினர், இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டிற்கு இழுக்கும் என்று பெரிய அளவில் அச்சத்தைப் பரப்பினார்கள். பூதமும் மந்திரமும் அதில் வருவது உண்மை. வேதாளம் வராத விக்கிரமாதித்தன் கதை உண்டா? விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு வந்த எவரும் அசுரராகிவிடவில்லை. தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்கு வந்தார்கள், அவ்வளவே. திருச்சபையின் பெரிய அறிஞரான புனித தோமா அக்குவினாஸ், உடல் களைத்தால் ஓய்வு வேண்டுவதுபோல் உள்ளம் களைத்தால் விளையாட்டு வேண்டும் என்று தம் இறையியல் தொகுப்பில் எழுதியிருக்கிறார். நாணேற்றியே வைத்த வில் முறிந்துபோகும் என்று புனித யோவான் சொன்னதாக வழங்கும் கதையையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார். அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் ஜெபத்தைப் பற்றிக் கன்னியருக்கு எழுதும்போதே சதுரங்கத்தை உவமையாக்கினார். ஆகையால் எங்களைத் திட்டுமுன் அவர்களையும் ஒருமுறை நினைக்க வேண்டுகிறோம்.

மூன்றாவது மறுப்பு, பொதுத்தேர்வு. இதற்கு எங்களிடம் சாமர்த்தியமான விடை இல்லை. வாரம் ஒரு மணி நேரம் கேட்கிறோம், தினமும் அன்று. கைப்பேசியில் அதைவிட அதிகம் போகிறது என்பது வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரியும், வீட்டுப் பெரியவர்கள் உட்பட.

எங்களுக்கே உள்ள குறை வேறு. அந்த அமெரிக்க நூல்களில் வரும் காடும் கோட்டையும் குள்ளர்களும் ஐரோப்பியக் கதைகளிலிருந்து வந்தவை. ஓக் மரத்தடியில் என்ன முளைக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்? திண்டிவனத்திலிருந்து 28 கிலோமீட்டரில் செஞ்சி இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை மதில் வளைத்துக் கிடக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது இது ஒன்றே. தேசிங்குராஜன் 1714இல் போரில் மாண்டதும், அவன் மனைவியின் பெயரால் ராணிப்பேட்டை எழுந்தது என்று சொல்லப்படுவதும் நமக்குத் தெரிந்த கதை. அதற்கும் முன்னே, 1690 முதல் 1698 வரை, மராத்திய அரசர் ராஜாராம் இக்கோட்டையை அரணாகக் கொண்டிருக்க, முகலாயப் படை வெளியே முற்றுகையிட்டுக் கிடந்தது. எட்டு ஆண்டு! உள்ளே இருந்தவர்களுக்கு உப்பு எப்படிக் கிடைத்தது? பிரசவம் யார் பார்த்தது? ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் உள்ள பிளவின் மேல் மரப்பாலத்தைப் போட்டதும் எடுத்ததும் யார்? வரலாற்றுப் பாடநூலில் ராஜாவும் தளபதியும் மட்டுமே இருக்கிறார்கள்.

எனவே செஞ்சி முற்றுகையை வைத்து நாங்களே ஓர் ஆட்டம் எழுதத் தொடங்கியிருக்கிறோம். வேடங்கள் ஐந்து: மருத்துவச்சி, உப்பு விற்பவள், பாலத்துக்குக் கயிறு திரிப்பவள், யானைப் பாகனின் மகள், வழி தவறி வந்த கூத்துக்காரி. ராணி வேடம் வேண்டுமென்றே வைக்கவில்லை; ராணிக்குக் கோட்டைக்குள் நினைத்த இடத்துக்குப் போக முடியாது என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள், எல்லாரும் ஒப்புக்கொண்டோம். செலவுக் கணக்கு இதுதான்: தாயக்கட்டை ஒரு ஜோடி, 40 பக்க நோட்டு ஆறு, பென்சில் ஆறு. கோட்டைப் படத்தை ஓவிய வகுப்பில் மிஞ்சிய சார்ட் தாளில் வரைந்துகொண்டோம்.

பள்ளி நிர்வாகத்தை நாங்கள் கேட்டுக்கொள்வது, நூலகத்தில் ஒரு மேசையும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையும். மேசை பழையதாக இருந்தாலும் சரி, கால் ஆடாமல் இருந்தால் போதும், கட்டை உருளும்போது கீழே விழுந்துவிடுகிறது. மற்ற வகுப்பு மாணவியர் சேர விரும்பினால் பெயர் கொடுக்கலாம். வேடங்கள் எல்லாம் கேட்கப்பட்டுவிட்டன. கட்டியங்காரியாக இருக்கத்தான் இன்னும் ஆள் வேண்டும்.